பூணுக்குப் பிடி வேண்டும்

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, செம்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று வடா பாவ் தின்றுகொண்டிருந்தபோது, என் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லின் உட்புறச் சுவர் முழுவதும் பெயர்ந்து நாக்கின் மேல் விழுந்தது. வலி சிறிதும் இல்லை. வாயில் ஏதோ கல் அகப்பட்டுக்கொண்டது என்று எண்ணி உள்ளங்கையில் துப்பிப் பார்த்த பிறகுதான், அது என் பல் என்று தெரிந்தது. பொரிவிளங்காய் உருண்டையையும் தட்டையையும் வலப்புறம் படாமல் ஒதுக்கி ஒதுக்கி ஒன்பது ஆண்டுகள் நான் காத்துவந்த பல், பஞ்சு போன்ற பாவுக்கு உடைந்துபோனது. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் நாக்கு அந்தக் கூரிய விளிம்பையே தேடித் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பல்லுக்கு 2013-இல் ரூட் கெனால் எனப்படும் வேர்ச் சிகிச்சை செய்திருந்தேன். மூன்று முறை சென்று, வலி தீர்ந்து, மேலே அடைத்து அனுப்பும்போது, ஒரு மாதத்துக்குள் பல்லை முழுதும் மூடும் உறையான கேப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அது ஜூன் மாதம். இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம், மழைக்கு முன் ஒழுகும் கூரைக்குத் தார்ப்பூச்சு என்று செலவுகள் வரிசையில் நின்றன. வலியே இல்லாத ஒரு பல்லுக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. வலி போனால் நோய் போனது என்றுதான் நானும் நினைத்தேன். கேப் என்பது பார்வைக்கு அழகாக இருப்பதற்கான மேற்பூச்சு என்றும் எங்கோ மனத்தில் பதிந்திருந்தது. அந்த எண்ணம் தவறு என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

வேர்ச் சிகிச்சை செய்த பல் உயிரற்றுப்போய், காய்ந்த சுள்ளி போல் முறிந்துவிடுகிறது என்று பலரும் சொல்வார்கள். பல் முறிவதற்கு உலர்வு பெரிய காரணம் இல்லை. அந்தப் பல்லில் ஈரம் குறைவது மிகச் சொற்பமே. உண்மையான காரணம் கட்டுமானத்தில் இருக்கிறது. கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் இருக்கும் முகடுகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவது, முன்புறமும் பின்புறமும் அண்டைப் பற்களைத் தொட்டு நிற்கும் இரண்டு வரப்புகள். சொத்தை அந்த வரப்புகளை அரித்துவிட்டால், எஞ்சும் சுவர்கள் மேற்கூரையும் குறுக்குச் சட்டமும் இல்லாத வீட்டின் சுவர்களைப் போல் தனித்தனியே நிற்கும். 1989-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது: வேர்ச் சிகிச்சைக்காகப் பல்லின் நடுவில் துளையிடுவதால் மட்டும் பல்லின் விறைப்புத் தன்மை ஏறத்தாழ 5 சதவீதமே குறைகிறது, இரண்டு வரப்புகளும் போய்விட்டால் அது 63 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது. என் பல்லில் அந்த இரண்டு வரப்புகளுமே இல்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் அந்தச் சுவர்கள் மயிரிழை அளவுக்கு விரிந்து விரிந்து மூடியிருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் அது எத்தனை லட்சம் முறை நடந்திருக்கும்!

எங்கள் ஆச்சி வீட்டில், திருநெல்வேலியில், இடித்து இடித்து நுனி மழுங்கிய உலக்கை ஒன்று இருந்தது. அதன் அடியில் இரும்புப் பூண் மாட்டியிருக்கும். மரம் பிளக்காமல் இருக்கத்தான் பூண் என்று ஆச்சி சொல்வாள். பல்லுக்குப் போடும் கேப்பும் அதே வேலையைச் செய்யும் பூண்தான். 2004-இல் அமெரிக்காவில் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு, வேர்ச் சிகிச்சை செய்யப்பட்ட 14 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களை எட்டு ஆண்டுக் காலத்துக்குத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 97 சதவீதம் எட்டாண்டுகளுக்குப் பின்னும் வாயிலேயே இருந்தன. பிடுங்கப்பட்ட பற்களை எடுத்துப் பார்த்தால், 85 சதவீதத்துக்கு முழுக் கேப் போடப்படவே இல்லை. என் பல்லும் அந்தப் பெரும்பான்மைக் கணக்கைச் சேர்ந்ததுதான்.

பல்லை இழப்பது எங்கள் வீட்டில் சிறிய விஷயமாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். என் அப்பா மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். வலி வந்தால் பிடுங்கிவிடுவது என்பதே அவர் காலத்து வழக்கம். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவர் ஒருவர், காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியை அவரிடம் ஒருமுறைகூட எழுப்பியதில்லை. ஐம்பத்தைந்து வயதுக்குள் மேலும் கீழும் பல்செட்டு வந்துவிட்டது. பல் இல்லாத தாடையில் எலும்பு ஆண்டுக்கு ஆண்டு கரையும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. முதல் செட்டு தளர்ந்தது, இரண்டாவது செட்டு தளர்ந்தது, பிறகு கீழ்த்தாடையில் எதுவுமே நிற்கவில்லை. அவர் கோயிலில் தேவாரம் ஓதுவார். மேற்பல்லின் பின்புறத்தில் நாக்கு ஒற்றினால்தான் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல்லும் கீழிதழும் கூடினால்தான் வகரம் பிறக்கும். செட்டு நகர்ந்தபோது அந்த எழுத்துகளும் நகர்ந்தன. பல் போனால் சொல் போச்சு என்ற பழமொழியை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தமிழ் கற்பிப்பதே என் வேலை. அப்பா தம் கடைசி ஆண்டுகளில் ஓதுவதை நிறுத்திக்கொண்டு, மற்றவர்கள் ஓதும்போது கைகூப்பி நின்றதைப் பார்த்த பிறகு அந்தப் பழமொழியை என்னால் இயல்பாகச் சொல்ல முடிந்ததில்லை.

ஆகவே, எந்த மருத்துவரிடம் போகும்போதும், இந்தப் பல்லை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற முன்முடிவோடுதான் போனேன்.

முதலில் பார்த்தவர் வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, ஐந்து நிமிடத்தில், "மேடம், இதை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்துவிடலாம், ஆயுளுக்கும் தொல்லை இருக்காது" என்றார். தாடை எலும்பில் பதித்து மேலே பல் கட்டும் செயற்கை வேர்தான் இம்ப்ளான்ட். மொத்தம் நாற்பதாயிரம் ரூபாய். இரண்டாவதாகப் பார்த்தவரும் ஏறத்தாழ அதே ஐந்து நிமிடத்தில், "எதற்குப் பிடுங்க வேண்டும்? உள்ளே ஒரு கம்பி வைத்து, மேலே கட்டி, கேப் போட்டுவிட்டால் போதும்" என்றார். இரண்டாமவரின் சொல் எனக்கு இனித்தது. எனக்கு வேண்டியதை அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது: இருவரில் ஒருவர்கூட எதையும் அளக்கவில்லை. எடுக்கச் சொன்னவர் எதனால் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை; காக்கச் சொன்னவர் எதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேப் நிற்கும் என்று சொல்லவில்லை. என் விருப்பத்துக்கு இசைந்தது என்பதற்காக ஒரு கருத்தைச் சரியான கருத்து என்று எடுத்துக்கொள்ள இருந்தேன்.

மூன்றாவதாக, வேர்ச் சிகிச்சையில் மேற்படிப்பு படித்த ஓர் இளம் மருத்துவரிடம் போனேன். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். இந்தி வாடை வீசும் அவருடைய தமிழில், பல்லை 46 என்ற எண்ணால் குறிப்பிட்டார். வாயை நான்கு காற்பகுதிகளாகப் பிரித்து, வலது கீழ்ப்பகுதிக்கு 4 என்றும், நடுவிலிருந்து எண்ணி ஆறாவது பல்லுக்கு 6 என்றும் கொள்ளும் முறை அது. "இது உங்களுக்கு ஆறு வயதில் முளைத்த பல்" என்றார். நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாள்தோறும் பார்க்கும் பல் அதுதான். எந்தப் பால்பல்லும் விழாமல், எல்லாவற்றுக்கும் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால், பெற்றோர் பலர் அதைப் பால்பல் என்று நினைத்து, சொத்தை விழுந்தாலும் விட்டுவிடுகிறார்கள். நிலைத்த பற்களில் முதலில் வருவதும், பெரும்பாலும் முதலில் கெடுவதும் அதுவே.

அவர் முதலில் செய்தது, அளவுக்கோடுகள் பொறித்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே செலுத்தி, ஆறு இடங்களில் ஆழம் பார்த்தது. நலமான ஈற்றில் அந்த ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். என் பல்லைச் சுற்றி 3, 2, 3, 3, 2 என்று வந்த எண்கள், நாக்குப் பக்கத்துப் பின்மூலையில் மட்டும் திடீரென்று 6 ஆயின. அவர் அதே இடத்தில் மறுபடி அளந்தார். ஈறு நோய் என்றால் ஆழம் அகன்று பரவியிருக்கும் என்றும், ஓரிடத்தில் மட்டும் குறுகலாக ஆழம் இறங்கினால் வேரில் நெடுக்குவாட்டு விரிசல் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும் என்றும், சந்தேகத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றும் விளக்கினார். விரிசல் ஒளிக்கற்றைக்கு நேராக அமைந்தால் ஒழிய எக்ஸ்-ரே படத்தில் தெரியாது.

அடுத்து, ஈறுக்கு மேலே எஞ்சியிருக்கும் உறுதியான பல்லின் உயரத்தை நாலாபுறமும் அளந்தார். நான் அதுவரை அறியாதிருந்ததும், இந்த முடிவின் மையமாக நான் இன்று கருதுவதும் இந்த அளவுதான். பூண் எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் பிடித்துக்கொள்ள மரம் வேண்டும் அல்லவா? கேப்பின் விளிம்பு, உள்ளே நிரப்பிய சிமெண்டையோ கம்பியையோ பிடித்து நின்றால் போதாது. சொந்தப் பல்லையே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு அணைத்து நிற்க வேண்டும். அந்த அணைப்பு இல்லாமல் உள்ளே கம்பியை நட்டுக் கட்டினால், கடிக்கும் விசை முழுவதும் கம்பி வழியாக வேருக்குள் ஆப்பு போல் இறங்கி, சில ஆண்டுகளில் வேரையே பிளந்துவிடும். கம்பி பல்லுக்கு வலுவூட்டுகிறது என்று நான் எண்ணியிருந்தேன். அது மேலே கட்டும் பகுதி விழாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே பயன்படும் என்றும், வேருக்கு அதனால் வலு கூடாது என்றும் அன்று அறிந்தேன். என் பல்லில் கன்னப் பக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு. நாக்குப் பக்கத்தில், சுவர் பெயர்ந்த இடத்தில், ஒன்றுமே இல்லை. உடைவு ஈறின் விளிம்பிலேயே நின்றது.

உடைந்த பக்கத்தில் ஈறையும் எலும்பையும் சற்றே சீவி, மறைந்திருக்கும் வேரை வெளிக்கொண்டுவரும் சிறு அறுவைச் சிகிச்சை உண்டு. அதைச் செய்யலாமா என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் படம் வரைந்தார். கேப்பின் விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் ஈறு நலமாக ஒட்டி நிற்கும். கேப் பிடிக்க 2 மில்லிமீட்டர் வேண்டும். ஆக, உடைந்த விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் கீழே எலும்பு இருக்க வேண்டும். ஆனால் கீழ்க் கடைவாய்ப் பல்லின் அடிமரம் மிகக் குட்டை. ஈறுக்கு அடியில் மூன்று நான்கு மில்லிமீட்டரிலேயே அது முன்வேர், பின்வேர் என்று இரண்டாகக் கவைத்துப் பிரிந்துவிடும். எலும்பைச் சீவினால் கவை திறந்துகொள்ளும். எந்தத் தூரிகையும் எட்டாத அந்த இடுக்கில் உணவும் கிருமியும் தங்கி, காப்பாற்றிய பல்லை வேறொரு வழியாக அழித்துவிடும். இதே உடைவு ஒற்றை வேர் உள்ள முன்பல்லில் நேர்ந்திருந்தால், கம்பி மாட்டி வேரைச் சில வாரங்களில் மெல்ல மேலே இழுத்துவிட்டுக் கேப் போட்டுவிடலாம். கவைத்த வேருக்கு அந்த வழியும் இல்லை.

"அப்படியானால் எடுத்துவிடத்தான் வேண்டுமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, மேடம். பழைய அடைப்பை முழுவதும் எடுத்துவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். விரிசல் இல்லை என்றால், நாக்குப் பக்கம் குறைவு இருந்தாலும் மற்ற மூன்று பக்கப் பிடியை நம்பி, ஆயுள் எத்தனை ஆண்டு என்று உறுதி சொல்லாமல், முயற்சி செய்யலாம். விரிசல் பல்லின் உட்குழித் தரையைக் கடந்து போயிருந்தால், அதற்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்."

திறந்து பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு ஆகும், என்ன கண்டால் நிறுத்துவது, என்ன கண்டால் தொடர்வது என்பதை நாங்கள் இருவரும் அந்தப் படம் வரைந்த தாளிலேயே முன்கூட்டி எழுதிக்கொண்டோம். பல்லைப் பற்றி எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் ஆகப் பயனுள்ளது இந்த ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன். காப்பதா, எடுப்பதா என்று ஒரே மூச்சில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. பல்லுக்குள் பார்க்காமல் அந்த முடிவை எடுக்கவும் முடியாது.

இடைப்பட்ட வாரத்தில், வேர்ச் சிகிச்சை செய்த பற்களெல்லாம் உடம்பில் நஞ்சு பரப்புகின்றன என்று ஒரு காணொளியைப் பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அக்கறையோடு அனுப்பியதுதான். அந்தக் கருத்தின் வரலாறு நீண்டது. 1910-இல் வில்லியம் ஹன்டர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையொன்று, வாயில் தங்கும் கிருமியே உடலின் பல நோய்களுக்கு ஊற்று என்ற எண்ணத்தைப் பரப்பியது. அதன் பின் பல ஆண்டுகள் மருத்துவர்கள் மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களையெல்லாம் பிடுங்கித் தள்ளினார்கள். பல் போன பிறகும் நோய் தீரவில்லை என்று கண்ட பிறகே, 1930-களிலும் 40-களிலும் அந்த வழக்கம் மெல்ல ஓய்ந்தது. அப்பாவின் காலத்துப் பிடுங்கல் வழக்கத்துக்குள் அந்தப் பழைய அச்சத்தின் மிச்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறித்த நாளில் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டி, எச்சில் படாமல் தனிமைப்படுத்தி, பழைய அடைப்பை எடுத்தார். 1864-ஆம் ஆண்டிலிருந்தே பல் மருத்துவத்தில் இருக்கும் எளிய கருவி அது; அது இல்லாமல் வேர்ச் சிகிச்சை செய்தால், கழுவும் நீரைவிட வேகமாக எச்சிலின் கிருமிகள் உள்ளே போகும் என்றார். அடைப்பு போனதும் வேர்க் குழாய்களின் வாயில் இளஞ்சிவப்பாக மூன்று புள்ளிகள் திரையில் தெரிந்தன. அவை குட்டா பெர்ச்சா. மலாயாக் காட்டு மரம் ஒன்றின் பால் இறுகிக் கிடைக்கும் பிசின். 1870-இல் ஏடன் வழியாகக் கடலடியில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் இதே பிசின்தான். உப்புநீர் புகாது என்பதற்காக அதைக் கடலுக்கும், எச்சில் புகாது என்பதற்காக ஏறத்தாழ அதே காலத்தில் பல்லுக்கும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஊரிலேயே வாழ்ந்துகொண்டு, அந்தப் பிசினை வாயிலும் ஒன்பது ஆண்டுகள் சுமந்திருக்கிறேன் என்பது அந்த நாற்காலியில் படுத்திருந்தபோது எனக்கு விந்தையாக இருந்தது.

பிறகு நீலச் சாயம் ஒரு துளி விட்டு, கழுவி, நுண்ணோக்கியில் பார்த்தார். என்னிடம் எதுவும் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பினார். பின்சுவரில் தொடங்கிய மெல்லிய நீலக் கோடு, குழியின் தரையைக் குறுக்கே கடந்து, முன்சுவர் வரை ஓடியிருந்தது. நாங்கள் எழுதி வைத்திருந்த தாளை எடுத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. எலும்பு முறிந்தால் கூடும். பல் பிளந்தால் கூடாது. எந்தப் பசையும் அந்தப் பிளவை ஒட்டாது, எந்தப் பூணும் அதன் வழியே கிருமி இறங்குவதைத் தடுக்காது.

எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் சற்று நேரம் காத்திருந்தார்.

பிடுங்கியது அடுத்த வாரம். பல்லை நடுவே அறுத்து இரண்டு வேர்களாகப் பிரித்து, சுற்றியுள்ள எலும்புச் சுவர் நொறுங்காமல், ஒவ்வொன்றாக மெல்ல எடுத்தார். பல் போன குழியில் எலும்பின் அகலம் பெரிதும் சுருங்குவது முதல் மூன்று மாதங்களில்தான் என்பதால், எடுக்கும்போது காட்டும் பொறுமை பின்னால் எந்த மாற்றுப் பல் வைத்தாலும் பயன் தரும். முக்கால் மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, குழியில் உறைந்த இரத்தமே அதன் மருந்து என்று சொல்லி அனுப்பினார். எடுத்த பல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, விரிசல் பின்வேரில் பாதித் தூரம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்தது எனக்கு ஓர் அமைதியைத் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்பாவின் பற்களை எடுத்தபோது, ஏன் எடுத்தார்கள் என்று காட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

இதே மருத்துவரிடம் அடுத்த ஆண்டு அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. மேல்தாடையின் இடது கோரைப்பல் ஈறோடு ஈறாக முறிந்து, வேர் மட்டும் மிஞ்சி, கன்னம் வீங்கியிருந்தது. என் பல்லைக் கொண்டு நான் கற்ற கணக்கின்படி, பிடி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வேரை எடுத்துவிட வேண்டியதுதான். அம்மாவோ பிடுங்கவே கூடாது என்றாள். "ஏட்டி, மேல்பல்லப் பிடுங்குனா கண்ணு அவிஞ்சு போயிரும்னு எங்க ஆச்சி சொல்லுவா" என்றாள். மருத்துவர் சிரிக்கவில்லை. "பாட்டி, பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வைக்குப் போற நரம்பு வேற. ஆனா சீழைக் கவனிக்காம விட்டா வீக்கம் கண்ணு வரைக்கும் ஏறும், உங்க ஆச்சி அதைப் பார்த்திருப்பாங்க" என்றார். பிறகு அம்மா என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் பட்டியலை வாசித்தேன். 2019-இல் இடுப்பெலும்பு முறிந்த பிறகு, எலும்புத் தேய்வுக்காக ஆண்டுக்கொரு முறை மூன்று ஆண்டுகள் சோலட்ரோனிக் அமில ஊசி போட்டிருந்தோம் என்று சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

அந்த வகை மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுப்பதற்காக, எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தையும் குறைத்துவிடுகின்றன. அதனால் சிலருக்குப் பல் பிடுங்கிய குழி ஆறாமல், தாடை எலும்பு வாரக் கணக்கில் வெளியே தெரிந்தபடி பட்டுப்போகும். 2003-இல்தான் இந்தத் தொல்லை முதன்முதலில் மருத்துவ இதழ்களில் பேசப்பட்டது. எலும்புத் தேய்வுக்கு ஊசி போட்டவர்களில் மிகச் சிலருக்கே இது வரும். புற்றுநோய்க்காக அதே மருந்தை மாதந்தோறும் பெறுபவர்களுக்குத்தான் ஆபத்து பெரிது. ஆயினும், பிடுங்காமல் தீர்க்க வழி இருக்கும்போது எழுபத்தொன்பது வயதில் அந்தச் சிறு ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும் என்பது அவர் கேள்வி. எலும்பு மருத்துவரோடு பேசிவிட்டு, கோரைப்பல்லின் வேரைச் சுத்தம் செய்து, குழாயை அடைத்து, மேலே ஈறு மட்டத்துக்குச் சமமாகத் தேய்த்து, மூடி அப்படியே விட்டுவிட்டார். கேப் இல்லை, கம்பி இல்லை. அம்மாவின் பல்செட்டு அந்த வேரின் மேல் அமர்கிறது. வேர் இருப்பதால் அந்த இடத்தில் எலும்பும் கரையாமல் நிற்கிறது. காக்கத் தகுந்ததாகத் தோன்றிய என் பல் போய்விட்டது. எந்தப் பாடப்புத்தகக் கணக்கிலும் தேறாத அம்மாவின் வேர் இருக்கிறது. பல்லை மட்டும் பார்த்து இந்த முடிவை எடுக்க முடியாது. அது யார் வாயில் இருக்கிறது, அவர் என்ன மருந்து எடுக்கிறார், சர்க்கரை எவ்வளவு, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா, நாலு முறை வந்து படுத்திருக்க அவரால் முடியுமா என்பதெல்லாம் அதில் அடங்கும்.

என் பல் இருந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. பக்கத்துப் பற்களின் மேல் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் கட்ட வேண்டுமென்றால் இருபுறமும் உள்ள இரண்டு நல்ல பற்களைச் சீவ வேண்டும். ஒருமுறை சீவிய எனாமல் மறுபடி வளராது என்பதால் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இம்ப்ளான்ட் நல்ல வழிதான். தக்கவருக்குத் தக்கபடி வைத்தால் வேர்ச் சிகிச்சை செய்த பல்லைப் போலவே நெடுங்காலம் நிற்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. இயற்கைப் பல்லை எலும்போடு பிணைக்கும் மெல்லிய நார்ப்படலம் அதற்கு இல்லை. சோற்றில் ஒரு பொடிக் கல் கிடந்தால் அழுத்திக் கடிப்பதற்கு முன்பே நமக்கு உணர்த்துவது அந்தப் படலம்தான். நரம்பு எடுத்துவிட்ட பல்லிலும் அது உயிரோடு இருக்கும். அதனால்தான் முடிந்தவரை சொந்தப் பல் என்று நான் விரும்பினேன். வெற்றிடத்தை ஆண்டுக்கணக்கில் விட்டால் மேலே உள்ள பல் இறங்கி வரும், பின்னால் உள்ள பல் முன்னே சாயும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கிறார்.

இம்ப்ளான்டுக்கென்று சேர்த்து வைத்த பணம் வேறிடத்துக்குப் போனது. இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில், 36-இல், 2017-இல் வேர்ச் சிகிச்சை செய்து அடைத்து, அதற்கும் கேப் போடாமலே விட்டிருந்தேன். வலதுபுறம் போன பிறகு மெல்லும் பாரம் முழுவதும் அதன் மேல்தான் விழுந்தது. வலி எதுவும் இல்லை. கம்பியால் அளந்தபோது ஆறு இடங்களிலும் மூன்றுக்கு உள்ளேயே இருந்தது. அடைப்பை எடுத்து நீலச் சாயம் விட்டபோது கோடு எதுவும் தெரியவில்லை. சுவர்கள் நாலாபுறமும் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் நின்றன. இரண்டு வாரம் கழித்துக் கேப்பை ஒட்டிவிட்டு, நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாகப் பட்ட ஓரிடத்தை மட்டும் மருத்துவர் தேய்த்துவிட்டார்.